லாந்தனம் நாங்கள் சேர்த்தது, இரும்பு தானாகச் சேர்ந்தது

கேளம்பாக்கம் பக்கத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் இரண்டு பெண்கள் போன மாதம் ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருத்தி கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். பிஸ்மத் ஃபெரைட் என்ற ஆக்சைடில் லாந்தனம் சேர்க்கச் சேர்க்க அதன் காந்தத்தன்மை ஏறுவதைக் காட்டும் கோடு அது. அழகாக, படிப்படியாக ஏறியது.

"இதை இப்ப மல்ட்டிஃபெராயிக்னு சொல்றோம் மேடம். நீங்க அந்தக் காலத்துலயே இதைச் செஞ்சீங்களாமே?" என்றாள்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இந்தச் சாம்பிள்களை எந்த வரிசையில செஞ்சீங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பூஜ்யத்துல ஆரம்பிச்சு, அஞ்சு, பத்து, பதினஞ்சு, இருபது..."

அந்தப் பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

எழுபதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, மின்தேக்கிகள் செய்யும் ஒரு கம்பெனி சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. இன்று அந்தக் கம்பெனியும் இல்லை, கட்டடமும் இல்லை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து. இறங்கி ஒரு மைல் நடை. கல்பாக்கத்துக்குப் போகும் ஊழியர் பேருந்துகள் புழுதி கிளப்பிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். நான் பி.எஸ்சி. வேதியியல். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் என் அப்பா. பிறர் நிலத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தவருக்கு நெடுஞ்சாலைத் துறையில் சாலைப் பணியாளர் வேலை கிடைத்தது. இரண்டாவது ஆள் நான். ஆனால் என் வேலை தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் வரும், இன்னும் ஆறு மாதம் என்று.

முதல் ஒன்றரை வருடத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எடை போடக் கற்றேன், அரைக்கக் கற்றேன், கையைச் சுட்டுக்கொண்டேன். அதற்குள் பொடி தயாரிப்பு முழுவதும் என் பொறுப்புக்கு வந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் வரதன். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லி, எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. தராசு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே அளவைப் படிப்பார், என்னையும் படிக்கச் சொல்வார், இரண்டும் ஒத்துப்போனால்தான் பென்சிலால் எழுதுவார். எழுதி முடித்ததும், "இன்னொரு தடவை" என்பார். நல்லது என்றோ கெட்டது என்றோ அவர் வாயிலிருந்து வராது. இன்னொரு தடவை, அவ்வளவுதான். என்னை "மிஸ் மேரி" என்று கூப்பிடுவார். முழுப்பெயர் ஆரோக்கியமேரி என்பது அவருக்கு நேரத்தை வீணாக்கும் விஷயம்.

பிஸ்மத் ஃபெரைட்டில் அவருக்கு என்ன ஆசை என்றால், ஒரே பொருளுக்குள் இரண்டு குணம் இருந்ததுதான். மின்சாரத்தில் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் என்று அது தானாகவே பிரிந்து நிற்கும். உள்ளே இருக்கும் இரும்பு அணுக்களோ சின்னச் சின்னக் காந்தங்கள். இந்த இரட்டைக் குணத்தைத்தான் இப்போது மல்ட்டிஃபெராயிக் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஆட்டிவைக்க முடிந்தால் எத்தனையோ கருவிகள் செய்யலாம். ஆனால் அந்தப் பொருள் இரண்டு விதத்தில் ஏமாற்றியது. அந்தக் குட்டிக் காந்தங்கள் ஒன்றுக்கு ஒன்று எதிராக நின்று தங்களையே அழித்துக்கொண்டன. வெளியே ஒன்றும் தெரியாது. மின்சாரமோ உள்ளே நிற்காமல் கசிந்து ஓடியது. சூளையில் வைத்தால் பிஸ்மத் ஆவியாகிப் போய்விடும், அதோடு கொஞ்சம் ஆக்சிஜனும் போகும், காலியான இடங்களின் வழியாகக் கசிவு.

அதற்கு மருந்து மாசூட்டல். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். சுத்தமான பொருளில் வேறொன்றைத் தெரிந்தே, அளந்து சேர்ப்பது. பிஸ்மத் உட்காரும் இடங்களில் சிலவற்றில் லாந்தனத்தை உட்கார வைத்தால், அது சூட்டில் எழுந்து ஓடாது. கட்டமைப்பும் லேசாகக் கோணும். அந்தக் கோணலில் காந்தங்கள் முழுதாக அழித்துக்கொள்ள முடியாமல் போகலாம். போகலாம் என்பது டாக்டரின் எதிர்பார்ப்பு. காட்ட வேண்டியது நாங்கள்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது அதில்தான் இருக்கிறது. பிஸ்மத் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, லாந்தனம் ஆக்சைடு மூன்றையும் எடை போட வேண்டும். லாந்தனம் ஆக்சைடு காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கும். எங்கள் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். அதனால் முதலில் அதைச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் எடை போட வேண்டும். பிறகு அகேட் கல்லில் செய்த கல்வத்தில் மூன்று மணி நேரம் கையால் அரைப்பு. பிறகு சூளை. எண்ணூறு டிகிரிக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். குறைந்தால் பொருள் சேராது, கொஞ்சம் கூடினால் பிஸ்மத் உருகி எல்லாம் கெட்டுவிடும். அந்தச் சிறு இடைவெளியில் சூளையைப் பிடித்து வைப்பவர் முனுசாமி அண்ணன். சதுரங்கப்பட்டினத்துக்காரர், முன்பு சுண்ணாம்புக் காளவாயில் இருந்தவர். வெப்பமானியில் முள் அசைவதற்கு முன்பே சூளைக் கதவிடுக்கில் தெரியும் நிறத்தைப் பார்த்து, "ஏறிகினு வருது, கொறைச்சுக்க" என்பார். சரியாக இருக்கும்.

சூளையிலிருந்து வந்ததை மறுபடி அரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊற வைப்பேன். சரியாகச் சேராத மிச்சங்கள் அதில் கரைந்துவிடும். கழுவி, பீங்கான் தட்டில் உலர்த்தி, சல்லடையில் சலித்து, சிறு கண்ணாடிக் குழாயில் அடைப்பேன். அந்தக் குழாயைத் தராசின் ஒரு கையில் தொங்கவிட்டு, கீழே மின்காந்தத்தை இயக்குவோம். பொடியைக் காந்தம் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு எடை கூடியதுபோல் காட்டும்.

லாந்தனம் இல்லாத பொடி ஏறத்தாழ ஒன்றும் காட்டவில்லை. ஐந்து சதவீதமும் அப்படித்தான். பத்தில் முள் நகர்ந்தது. பதினைந்தில் இன்னும். இருபதில் தராசுக் கை ஒரேயடியாகச் சாய்ந்தபோது டாக்டர் வரதன் பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். எடுத்து எழுதினார். "இன்னொரு தடவை" என்றார். பத்துத் தடவை அளந்தோம். பத்துத் தடவையும் அதே அளவு.

அவர் ஒரு வாரம் அறையை விட்டு வரவில்லை. கட்டுரை எழுதினார், சென்னைக்குப் போய்த் தட்டச்சு செய்து, அறிவியல் இதழுக்கு அனுப்பிவிட்டு வந்தார். ஆய்வுக்கூடத்தைத் தொடர்ந்து நடத்தலாமா மூடலாமா என்று முடிவு செய்யக் கம்பெனி ஒரு குழுவை அனுப்பவிருந்தது. அவர்களுக்கும் இந்த எண்களைக் கடிதத்தில் எழுதிவிட்டார். அவர்கள் வருவதற்கு மூன்று வாரம் இருந்தது.

அவர் சென்னையிலிருந்த வாரத்தில்தான் அது நடந்தது. குழுவுக்குக் காட்ட ஐந்து குழாய்களையும் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து சதவீதக் குழாய் கை நழுவி சிமெண்டுத் தரையில் சிதறியது. அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. புதிதாக எடை போட்டு, அரைத்து, முனுசாமி அண்ணனிடம் கொடுத்து, அமிலத்தில் போட்டு, சலித்து, மூன்றாம் நாள் குழாயில் அடைத்துத் தராசில் மாட்டினேன்.

இருபது சதவீதத்தைவிட அதிகமாகச் சாய்ந்தது.

எடை போட்டதில் தப்பு என்று நினைத்தேன். லாந்தனமே இல்லாமல் ஒன்று செய்தேன். அது அதைவிடவும் சாய்ந்தது. அப்போதுதான் குறிப்பேட்டில் தேதிகளைப் பார்த்தேன். காந்தம் லாந்தனத்தைப் பின்பற்றி ஏறவில்லை. நாட்காட்டியைப் பின்பற்றி ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் ஐந்தையும் பூஜ்யம் முதல் இருபது வரை வரிசையாகச் செய்ததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்துவிட்டது.

முனுசாமி அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"இரும்பு எங்கிருந்தோ உள்ள பூருது அண்ணே."

"சூளையில்ருந்தா?"

இல்லை. சூளையில் சேர்ந்திருந்தால் அமிலம் கரைத்திருக்கும். அமிலத்துக்குப் பிறகுதான் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பொடி தொடுவது மூன்றே பொருள்கள்: பீங்கான் தட்டு, சல்லடை, கண்ணாடிக் குழாய். சல்லடை பித்தளை.

பித்தளை என்று நான் நினைத்திருந்தது. பழைய சல்லடையின் வலை ஓரத்தில் கிழிந்துபோனதும், நான்தான் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் புதியது வாங்கி வந்தேன். ஐந்து சதவீதத்துக்கும் பத்து சதவீதத்துக்கும் நடுவில். மஞ்சளாகப் பளபளத்தது, வாங்கினேன். குதிரைலாடக் காந்தத்தை எடுத்து அருகில் கொண்டுபோனேன். சல்லடை டக்கென்று ஒட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கும். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிப் பொடிக்குள் விட்டு எடுத்து, ஒட்டியதை நுண்ணோக்கியில் பார்த்தேன். மயிரிழை போல இரும்புக் கம்பித் துணுக்குகள். மேலே பித்தளை முலாம்; கீழே இரும்பு. கடல் காற்றில் முலாம் உரிய உரிய, ஒவ்வொரு சலிப்புக்கும் கூடுதலாக உதிர்ந்திருக்கிறது.

முனுசாமி அண்ணன் கதவைச் சாத்தினார். "இத பாரு மேரி. அஞ்சு ஒடஞ்சிச்சா, ஒடஞ்சதாவே உட்டுடு. நாலு ட்யூப்ப காட்டு. அந்த சல்லடைய நான் கடல்ல கடாசிடறேன். நீயே டெம்ப்ரவரி. சொன்னா மொதல்ல உன்னத்தான் அனுப்புவாங்கோ. அப்பால இந்த எடத்தையும் மூடிடுவாங்கோ. எதுக்கு இந்த பேஜாரு?"

அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவருக்கும் நான்கு பிள்ளைகள். நான் சல்லடையைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தைப் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போனேன். யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல் இருந்தது.

சல்லடை விற்ற காதர் பாய் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பித்தளைன்னு நான் சொன்னனாமா? மஞ்சளா கீதே, இது குடுங்கன்னு நீதான் கை காட்டுன. மாவு சலிக்கன்னு நெனச்சேன். மாவுக்கு இது போதும்."

உண்மைதான். நான் எதற்கு என்று சொல்லவேயில்லை. என் முகத்தைப் பார்த்து, "இன்னாத்துக்குமா உனக்கு?" என்றார். துளி இரும்பு படக்கூடாத பொடி என்றேன். கடையைப் பையனிடம் விடாமல் அப்படியே இழுத்துச் சாத்திவிட்டு, அடுத்த தெருவில் சித்த மருந்து செய்பவரிடம் கூட்டிப்போனார். பற்பம், செந்தூரம் சலிப்பதற்கு அவர் வைத்திருந்தது பட்டுத் துணி கட்டிய மரச் சட்டம். "கம்பியே இல்ல பாரு. இத்த எட்துகினு போ. ஒட்டுதான்னு காந்தத்த வெச்சிப் பாத்துட்டுப் போ" என்றார் பாய். வைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து எதையும் வைத்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை.

மறுநாள் டாக்டர் வரதன் வந்தார். உற்சாகமாக இருந்தார். வழக்கத்துக்கு மாறாக, "காப்பி சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நான் மேசையில் நான்கு பொருட்களை வைத்தேன்: உடைந்த குழாயின் துண்டு, புதிய பொடி, சல்லடை, காந்தம். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். நின்றபடி கேட்டார். காந்தத்தைத் தானே எடுத்துச் சல்லடையில் வைத்தார். டக்.

பழக்கத்தில் வாய் திறந்து, "இன்னொரு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

"இந்தச் சல்லடையை யார் வாங்கினது?"

"நான்தான் சார்."

"காந்தம் வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

அவர் முகம் சிவந்தது. "ரெண்டு வருஷம், மிஸ் மேரி! ரெண்டு வருஷ வேலை! நான் எழுதி அனுப்பிட்டேன், தெரியுமா?" அந்த அறையில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சவுக்குத் தோப்பு இரைந்துகொண்டிருந்தது. நான் போகவா நிற்கவா என்று தெரியாமல் நின்றேன்.

என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "பத்துத் தடவை அளந்தேன். ஒரே பொடியைப் பத்துத் தடவை அளந்தேன். இன்னொரு பொடி செய்யச் சொல்லலை. அது என் தப்பு."

தாளை எடுத்து இதழுக்குத் தந்தி வாசகம் எழுதினார். கட்டுரையை நிறுத்தவும், அளவுகள் தவறு, கடிதம் பின்வரும். ஆளை அனுப்பவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலில் தானே தபால் நிலையத்துக்குப் போனார்.

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை வந்து, "குழு வர ஒன்பது நாள் இருக்கு. அஞ்சையும் மறுபடி செய்யணும். வரிசையா வேண்டாம்" என்றார். ஐந்து துண்டுச் சீட்டில் எண்களை எழுதிச் சுருட்டினார். முனுசாமி அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்தார். பதினைந்து, பூஜ்யம், இருபது, ஐந்து, பத்து. அந்த வரிசையில்தான் செய்தோம். குழாய்களில் எண்ணுக்குப் பதிலாக முனுசாமி அண்ணன் பறவைப் பெயர்களை ஒட்டினார்: காக்கா, கொக்கு, மைனா, கிளி, ஆந்தை. எது எது என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொண்டார்; அவருக்கு மட்டும்தான் தெரியும். அளக்கும் எங்களுக்குத் தெரியக்கூடாது என்பது டாக்டரின் ஏற்பாடு.

ஒன்பது நாளில் ஐந்து பொடி என்பது விளையாட்டில்லை. ஒரு நாள் மின்னழுத்தம் விழுந்து சூளை தணிந்தது. முனுசாமி அண்ணன் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறக்காமலேயே ஐந்து மணி நேரம் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை விடாமல் நின்றார். நான் அரைத்து அரைத்து வலது தோள் தூக்க முடியாமல் இடது கையால் தலை வாரிக்கொண்டேன்.

முதலில் கசிவை அளந்தோம். பொடியை அழுத்திச் சுட்டெடுத்த வில்லைகளுக்கு இருபுறமும் வெள்ளி பூசி மின்சாரம் கொடுத்தோம். கொக்கில் ஆறுபோல் ஓடியது. காக்காயில் பாதியாகக்கூட இல்லை. மைனாவில் முள் அசைந்ததா என்றே குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பிறகு காந்தத் தராசு. ஐந்து குழாய். நான்கில் ஏறத்தாழ ஒரே அளவு, மிகக் குறைவு. மைனாவில் மட்டும் தராசுக் கை மிக லேசாகச் சாய்ந்து நின்றது. முன்பு பார்த்த சாய்வில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது.

"இன்னொரு பொடி" என்றார் டாக்டர் வரதன்.

சீட்டைப் பிரிக்காமலேயே, எடையை என் கண்ணில் காட்டாமல் முனுசாமி அண்ணனே போட்டுக் கொடுக்க, மைனாவை மட்டும் இரண்டாம் முறை செய்தோம். அதே லேசான சாய்வு. அதன் பிறகுதான் சீட்டைப் பிரித்தார். கொக்கு, பூஜ்யம். காக்கா, பதினைந்து. மைனா, இருபது.

"மைனாதான்னு எனுக்கு அப்பவே தெரியும்" என்றார் முனுசாமி அண்ணன். "உங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துகினே, சொல்லாம நிக்கறது இருக்கு பாரு..."

குழுவில் மூன்று பேர் வந்தார்கள். தலைவராக வந்தவர் தலை நரைத்த பொறியாளர். கடிதத்தில் இருந்த எண்களையும் மேசையில் இருந்த எண்களையும் பார்த்துவிட்டு, "இது என்ன, இவ்வளவு சின்னதாப் போச்சு?" என்றார்.

டாக்டர் வரதன் சல்லடையை எடுத்து வைத்தார். எதையும் மறைக்காமல் சொன்னார். தன் தப்பையும் சொன்னார். "கண்டுபிடிச்சது இவங்க" என்று என்னைக் காட்டினார்.

"சல்லடையை வாங்கினதும் நான்தான் சார்" என்றேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

 பொறியாளர் கசிவு வரைபடத்தை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். "காந்தம் இருக்கட்டும். எங்களுக்கு மின்தேக்கிதான் பொழப்பு. லாந்தனம் போட்டா கசிவு இப்படிக் குறையுதுன்னா, இதை நம்பலாமா?"

"அந்த வில்லையை நீங்களே இன்னொரு இடத்துல குடுத்து அளந்து பாருங்க" என்றார் டாக்டர் வரதன்.

எடுத்துப் போனார்கள். அளந்து பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்துக்கு டாக்டர் மூன்று வருடம் கேட்டதற்கு ஒரு வருடம் கொடுத்தார்கள். அது முடிந்ததும் இன்னும் இரண்டு. என் ஆறு மாதத் தாள் வருவது நின்று, நிரந்தர உத்தரவு வந்தது. பிறகு அந்தத் துறையிலேயே முப்பது வருடத்துக்குமேல் இருந்தேன். லேசான அந்தச் சாய்வுக்குக் காரணத்தை, காந்தங்கள் உள்ளே சுருளாகத் திரும்பி நிற்பதையும் கோணல் வந்ததும் அந்தச் சுருள் பிரிவதையும், எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. நாங்கள் அளந்தது சரியாக இருந்தது.

திருத்திய கட்டுரை அடுத்த வருடம் வெளிவந்தது. நான்கே பக்கம். டாக்டர் வரதனின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர், அவர் வழக்கமாக வெட்டிவிடும் ஆரோக்கியம் உட்பட முழுதாக. முனுசாமி அண்ணனுக்குக் கடைசியில் நன்றி போட்டிருந்தது. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஆங்கிலம் தெரியாது. என் பெயர் இருக்கும் இடத்தை மட்டும் விரலால் காட்டினேன்.

"இன்னா எழுதிக்கீது இதுல?"

"லாந்தனம் இருவது பங்கு போட்டா, காந்தம் கொஞ்சமா இழுக்குதுன்னு எழுதியிருக்கு நைனா."

"கொஞ்சமாவா?" அவர் முகத்தில் லேசான ஏமாற்றம். இத்தனை நாள் பேருந்தில் போய் வந்ததற்கு இவ்வளவுதானா என்பதுபோல்.

"கொஞ்சந்தான்" என்றேன். "ஆனா நெசமாவே இழுக்குது."